ஒரு மணி நேரம் கூட்டலாமா, ஒரு மணி நேரம் தள்ளலாமா?

ஒன்பதாம் வகுப்பு, கடைசி பீரியட். சின்னச் சமன்பாடு ஒன்று. கழித்தல் 3-ஐ மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். 9 + 3 என்று எழுத வேண்டிய இடத்தில் 9 − 3 என்று எழுதி, 6 என்று விடை போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்து நோட்டை மூடிவிட்டாள் அந்தப் பெண். பக்கத்தில் போய் நின்று, "இன்னொரு தடவை பாரும்மா" என்றேன். பார்த்தாள். கண் வரியின் மேல் ஓடியது, எதையும் பிடிக்கவில்லை. "சரியாத்தானே டீச்சர் இருக்கு" என்றாள். மறுநாள் காலை இரண்டாவது பீரியடில் அதே பக்கத்தை அவள் முன்னால் திறந்து வைத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே பென்சிலை எடுத்துக் கழித்தலைக் கூட்டலாக்கினாள். "நானா டீச்சர் இப்படிப் போட்டேன்?"

அவளுக்குக் கணக்கு தெரியும். தெரிந்தது, அந்த நேரத்தில் அவளுக்கு எட்டவில்லை.

பள்ளி நேரத்தை மாற்றுவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வரும். இந்தப் பேச்சில் சுற்றிச் சுற்றி வருகிற யோசனைகள் நான்கு. மாலையில் ஒரு மணி நேரம் கூட்டுவது. காலையில் தாமதமாகத் தொடங்குவது. மொத்த நேரத்தைத் தொடாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி அடுக்குவது. வாரத்தில் ஒரு நாளைக் குறைப்பது. நான்கையும் முயன்று பார்த்த ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன செலவானது என்று பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாம்.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளி நேரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று நேரங்கள் இருக்கின்றன: டைம்டேபிளில் எழுதிய நேரம், உண்மையில் பாடம் நடந்த நேரம், பிள்ளையின் மனம் பாடத்தில் இருந்த நேரம். ஜான் கேரல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963-லேயே, ஒரு பிள்ளை எவ்வளவு கற்கிறது என்பது அதற்குத் தேவைப்படும் நேரத்தையும், அது உண்மையில் ஈடுபட்டுச் செலவிட்ட நேரத்தையும் பொறுத்தது என்று எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நம் கூட்டங்களிலோ அதை மட்டும்தான் எண்ணுகிறோம், எண்ணுவதற்கு எளிதாக இருப்பதால். நாளொன்றுக்கு 40 நிமிஷத்தில் எட்டு பீரியட் என்றால் 320 நிமிஷம். ஆசிரியர் மாறுவது, வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது, சத்தம் அடங்குவது என்று பீரியடுக்கு ஐந்து நிமிஷம் போனால்கூட 40 நிமிஷம் காணாமல் போகிறது. ஒரு முழு பீரியட், தினமும். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மாலையில் ஒரு மணி நேரம் கூட்டுவதைத்தான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்டபின் அம்மாவோ அப்பாவோ திரும்பும்வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பது தினசரிக் கவலை. சிலி நாடு 1997-ல் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை அங்கே பல பள்ளிகள் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு கூட்டம் பிள்ளைகளை வைத்து நடந்தன. அதை மாற்றி எல்லாருக்கும் முழுநாள் பள்ளி என்றார்கள். நடு வகுப்புகளுக்கு வாரத்துக்கு 30 பாடவேளையாக இருந்தது 38 ஆனது. மாலைக் கூட்டத்துக்கும் காலையிலேயே இடம் வேண்டும் என்பதால் புது வகுப்பறைகள் கட்ட வேண்டியிருந்தது, பத்தாண்டுக்கு மேலாகியும் வேலை முடியவில்லை. பலன்? மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் ஏறியது, ஆனால் கொஞ்சமாக. கூடவே இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முழுநாள் பள்ளி வந்த இடங்களில் பதின்வயதுப் பெண்கள் தாயாவது குறைந்தது, இளம் வயதுக் குற்றங்களும் குறைந்தன. பிள்ளைகள் கண்காணிப்பில்லாமல் இருந்த நேரத்தைப் பள்ளி எடுத்துக்கொண்டது. ஆக, நீண்ட பள்ளி நாளின் பெரிய பலன் பாதுகாப்பு, அதற்குப் பிறகுதான் பாடம்.

ஜெர்மனியில் பல தலைமுறைகளாகப் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வு 2000-ல் நடந்தது. அதன் முடிவு மறு ஆண்டு வந்தபோது, தங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருப்பதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. 2003-ல் மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கி முழுநாள் பள்ளிகளை வளர்த்தது. 2026 ஆகஸ்ட் முதல், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படியான உரிமை ஆகிறது. அங்கே மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இன்னொரு கணக்கு வகுப்பு கிடையாது. வீட்டுப்பாட உதவி, விளையாட்டு, இசை, கைவேலை. முழுநாள் பள்ளியில் சேர்ந்ததாலேயே மதிப்பெண் ஏறிவிடவில்லை என்பதை அவர்களின் நீண்டகால ஆய்வே சொல்கிறது. மாலைப் பகுதி நல்ல தரத்தில் இருந்து, பிள்ளை தொடர்ந்து கலந்துகொண்டால் பழகும் விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

டென்மார்க் 2014-ல் பள்ளி நாளை நீட்டியது, தினமும் சராசரியாக 45 நிமிஷம் உடலசைவு இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆசிரியர்களின் வேலை நேரத்தைப் பற்றிய தகராறில் ஏறக்குறைய நான்கு வாரம் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிறகு வந்த ஆண்டுகளில் அந்த நீட்டிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டார்கள். மெக்சிகோ 2007-ல் தொடங்கிய முழுநாள் பள்ளித் திட்டத்தை 2022-ல் நிறுத்தியது. நேரத்தைக் கூட்டுவது ஓர் ஆண்டுச் செலவு அல்ல, அது வருஷாவருஷம் ஆசிரியர் சம்பளமாகவும் கட்டடமாகவும் வந்து நிற்கும். தொடங்குகிறவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்றாகும்போது திட்டம் நடுவழியில் விழுகிறது.

பெற்றோரிடம் நான் சொல்ல விரும்புவது இது. அந்த ஒரு மணி நேரம் ஒன்பதாவது பீரியடாக வருமானால் வேண்டாம். எட்டாவது பீரியடிலேயே 9 + 3 தெரியாமல் போகிற பிள்ளைக்கு ஒன்பதாவதில் என்ன தெரியப்போகிறது? ஸ்பெஷல் கிளாஸ் என்ற பெயரில் பல பள்ளிகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. நானே எடுத்திருக்கிறேன். கரும்பலகையில் எழுதுகிறவளும் சோர்ந்து, எழுதிக்கொள்கிறவர்களும் சோர்ந்து, எல்லாருடைய கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். அந்த மணி நேரம் விளையாட்டாகவும், வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிட்டு வெறும் பையோடு வீடு போகிற வாய்ப்பாகவும், காலை முதல் வகுப்பெடுத்த ஆசிரியர் அல்லாத வேறொருவர் பார்த்துக்கொள்வதாகவும் இருந்தால் நானே கை தூக்குவேன்.

காலையில் தாமதமாகத் தொடங்கும் யோசனைக்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஆனால் ஆதாரம் வலுவாக இருப்பதும் இங்கேதான்.

பூப்பெய்தும் வயதில் உடலின் கடிகாரமே பின்னால் நகர்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. சிறு வயதில் ஒன்பது மணிக்குத் தூங்கியவன் பதினைந்து வயதில் பதினோரு மணிக்குப் படுத்தாலும் புரள்வதற்கு இது முக்கியமான காரணம். கைப்பேசி அதை மோசமாக்குகிறது, உண்மைதான். ஆனால் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளை வருஷாவருஷம் கோடை முகாமுக்கு அழைத்து அவர்கள் தூக்கத்தை அளக்கத் தொடங்கியது 1976-ல். அப்போது ஏது கைப்பேசி? வளர வளரத் தூக்கம் குறைவாகப் போதும் என்ற நம்பிக்கை அந்த முகாமில் உடைந்தது. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது இன்றைய மருத்துவப் பரிந்துரை.

பதினோரு மணிக்குத் தூங்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 7.30-க்குப் பள்ளி, ஒரு மணி நேரப் பயணம் என்றால் 5.45-க்காவது எழ வேண்டும். தூங்கியது ஆறே முக்கால் மணி நேரம். குறைந்தபட்ச எட்டில் ஒன்றேகால் மணி நேரம் துண்டு விழுகிறது. ஐந்து நாளில் ஆறேகால் மணி நேரம். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை ஏறக்குறைய ஒரு முழு இரவு தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் பீரியடில் கன்னத்தை உள்ளங்கையில் தாங்கி, கண் திறந்தபடியே இல்லாமல் போகிற முகங்களை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்போம். எழுப்பி நிற்க வைப்போம். நின்றுகொண்டும் தூங்குவார்கள். சோம்பேறி என்று நானும் சொல்லியிருக்கிறேன், அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

உயர்நிலை, நடுநிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல் சொன்னது. சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. மணிக்கட்டில் கருவி கட்டி இரண்டு பள்ளிகளில் தூக்கத்தை அளந்தார்கள். "நேரம் கொடுத்தால் இன்னும் லேட்டாகத்தான் தூங்குவார்கள்" என்ற பயம் பலிக்கவில்லை. இரவுக்கு 34 நிமிஷம் கூடுதலாகத் தூங்கினார்கள். வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் தாமதமாக வருவதும் விடுப்பும் குறைந்தன. கலிபோர்னியா 2019-ல் இதற்குச் சட்டமே இயற்றி 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது: உயர்நிலைப் பள்ளி 8.30-க்கு முன் இல்லை, நடுநிலைப் பள்ளி 8.00-க்கு முன் இல்லை. புளோரிடா 2023-ல் அதே மாதிரிச் சட்டம் போட்டது, அமலுக்கு வரும் முன்பே 2025-ல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

கைவிட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பேருந்து. அங்கே ஒரே பேருந்து காலையில் இரண்டு மூன்று சுற்று அடிக்கும். பெரிய பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, பிறகு சின்னவர்களை ஏற்றும். எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்தால் அத்தனை பேருந்து வேண்டும், அத்தனை ஓட்டுநர் வேண்டும். பாஸ்டன் நகரம் 2017-ல் இதைக் கணினிக் கணக்கால் தீர்க்கப் பார்த்தது. எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் எழுதிய நிரல் பேருந்துச் செலவையும் பதின்வயதினரின் தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தது. பல தொடக்கப் பள்ளிகளின் தொடக்கமும் முடிவும் வெகுவாக முன்னால் வந்தன. பிள்ளை மதியமே வீடு வந்தால் யார் பார்ப்பது என்று பெற்றோர் கொதித்தெழுந்தார்கள், திட்டம் சில வாரங்களில் கைவிடப்பட்டது. கணக்கில் தப்பில்லை. யாருடைய வீட்டு வேலை நேரம் எப்படி என்பது அந்தக் கணக்குக்குள் போகவில்லை, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளை முதல் சுற்றில் அழைத்துப் பெரியவர்களை அடுத்த சுற்றுக்குத் தள்ளுவது உடல் கடிகாரத்துக்குப் பொருத்தம். சின்னவர்கள் இயல்பாகவே சீக்கிரம் விழிக்கிறார்கள். ஆனால் இருட்டில் ஆறு வயதுப் பிள்ளை தெருமுனையில் நிற்பதை எந்தத் தாயும் ஏற்கமாட்டாள், மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அண்ணனும் அக்காவும் முதலில் வீட்டில் இருக்கவும் மாட்டார்கள். ஆகவே இந்த மாற்றத்துக்கு என் ஆதரவு முழுமையானது, ஆனால் அதை ஒரு சுற்றறிக்கையால் கொண்டுவர முடியாது. வண்டி ஓட்டுகிறவர்கள், முதல் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர், மாலை மைதானம் வேண்டும் என்கிற விளையாட்டு ஆசிரியர் மூவரையும் முன்கூட்டியே உட்காரவைத்துப் பேச வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளைக் குறைப்பதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல கிராமப்புற மாவட்டங்கள் நான்கு நாள் வாரத்துக்கு மாறியிருக்கின்றன, நாளை நீட்டி நேரத்தை ஈடுகட்டுகின்றன. குடும்பங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் ஆள் பிடிக்க உதவுகிறது. மிச்சமாகும் பணம் சொற்பம், ஏனென்றால் பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம், அது நான்கு நாளிலும் அதேதான். காலப்போக்கில் அந்தப் பிள்ளைகளின் கற்றல் மற்ற இடங்களைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. பிரான்ஸ் 2008-ல் தொடக்கப் பள்ளிகளை நான்கு நாளாக்கி, 2013-ல் நாலரை நாளாக்கி, 2017-ல் வேண்டுமானால் நான்குக்கே திரும்பலாம் என்று விட, பெரும்பாலான ஊர்கள் திரும்பின. ஒரே பிள்ளை தன் தொடக்கப் பள்ளிக் காலத்துக்குள் இரண்டு முறை டைம்டேபிள் மாறியதைப் பார்த்திருக்கும். ஐந்தாம் நாளில் பிள்ளைக்குப் போக வேறு நல்ல இடம் இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி அநியாயம் என்பது என் முடிவு.

மிச்சம் இருப்பது, மொத்த நேரத்தைத் தொடாமல் உள்ளே மாற்றுவது. கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான், காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால்.

டென்மார்க்கில் தேசியத் தேர்வுகள் கணினியில் நடந்தன. கணினி அறை எப்போது காலியோ அப்போது தேர்வு, பிள்ளையோ ஆசிரியரோ நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் தற்செயலாக ஓர் அருமையான சோதனை அமைந்தது. ஏறக்குறைய 20 லட்சம் தேர்வுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பகலில் ஒவ்வொரு மணி நேரம் கழியக் கழிய மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்கியது. 20 அல்லது 30 நிமிஷ இடைவேளைக்குப் பிறகு மறுபடி ஏறியது, அதுவும் ஒரு மணி நேரத்தில் இழந்ததைவிட அதிகமாக. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சமன்பாட்டுப் பெண்தான் கண்ணுக்கு முன் வந்தாள். கடைசி பீரியடில் கணக்கை வைத்து, அதிகம் உதவி தேவைப்பட்ட பிள்ளைகளிடமிருந்துதான் அதிகமாகப் பறித்திருக்கிறோம்.

பின்லாந்தில் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 45 நிமிஷம் பாடம், மிச்சம் இடைவேளை. பெரும்பாலும் வெளியே போய்விட்டு வருவார்கள், குளிரிலும். முதல் இரண்டு வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளியில் சேர்வதே ஏழு வயதில். பின்லாந்தின் பெயரைச் சொன்னால் "அது சின்ன நாடு, ஆசிரியர்கள் வேறு மாதிரி" என்பார்கள். சரி. ஆனால் இடைவேளை இல்லாமல் தொடர்ந்தால் பிள்ளையின் மூளை சோர்வது நாட்டுக்கு நாடு மாறாது.

பீரியடை நீட்டி 80, 90 நிமிஷமாக்குவதையும் இந்தப் பேச்சில் சேர்ப்பார்கள். ஆய்வகத்துக்கும் ஓவியத்துக்கும் அது வரம். கருவியை எடுத்து வைத்து முடிக்கும் முன் மணி அடிக்காது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பாடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். கணக்கும் மொழியும் தினமும் கொஞ்சம் கைபட வேண்டியவை. ஒரே மூச்சில் படித்ததைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டது நிலைக்கும் என்பது எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-ல் தன் மேலேயே சோதித்துச் சொன்ன காலத்திலிருந்து தெரிந்த விஷயம். அதனால் அறிவியலுக்கு இரட்டை பீரியட், கணக்குக்கு வேண்டாம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு ஏன் இருக்க வேண்டும்?

எங்கள் கூட்டத்தில் நான் வைக்கப்போகிற வரிசை இப்படி. வருகிற பருவத்திலேயே உள்மாற்றம். தாமதத் தொடக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மட்டும், வண்டிக்காரர்களோடு பேசி முடித்து அடுத்த கல்வியாண்டில். மாலை நீட்டிப்பு விருப்பப்பட்டவர்களுக்கு, தனி ஆட்களை வைத்து, பாடம் நடத்தாமல். நான்கு நாள் வாரம் வேண்டாம்.

உள்மாற்றம் என்றதும் தலைமையாசிரியர் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "இடைவேளைக்கு நேரம் எங்கேம்மா இருக்கு?" பீரியடை 40 நிமிஷத்திலிருந்து 38 ஆக்கினால் எட்டு பீரியடில் 16 நிமிஷம் கிடைக்கிறது. அதை ஆறாவது பீரியடுக்குப் பின்னால் வைக்கலாம். நோட்டு வேண்டாம், வரிசை வேண்டாம், மைதானத்தின் கதவைத் திறந்துவிட்டால் போதும். கணக்கை அந்த மணிக்கு முன்னாலோ, அது முடிந்த உடனேயோ வைத்துவிட்டு, கடைசி பீரியடை நூலகத்துக்கும் கைவேலைக்கும் கொடுக்கலாம். மைதானத்தில் நிற்க ஓர் ஆசிரியர் வேண்டும். திங்களும் புதனும் நான் நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற மூன்று நாளுக்குப் பெயர் வேண்டும்.